கையடக்கப் பதிப்பு

அறுநூற்று நாற்பது ரியால்.
ஜுபைலில் ஷோஹாக் கடை.
கருவி பழசு, ஆட்டம் மட்டும் புதுசு, சீல் உடைக்காதது.
பெட்டி மேல் ஏதோ ஆங்கிலப் பெயர்.
எங்கள் அறையில் அதற்குத் துடுப்பன் என்று பெயர்.

முதல் துடுப்பனை
நானும் மைதீன் பிச்சையும்
கேம்ப் ஹாலின் பெரிய டிவியில்
ஒரு நோன்பு மாத ராத்திரிகளில் ஆடி முடித்தோம்.
அதில் கடல் சும்மா இருக்காது.
துடுப்பைத் தூக்கினால் சொட்டும்,
சொட்டு விழுந்த இடத்தில் வட்டம் விரியும்.
வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து
ஒரு தடவை செத்துப்போனோம்.

இரண்டாவதில் மழை.
எதிராளிகளின் தாடி நனைந்து நெஞ்சில் ஒட்டும்.
ஏழு படகுகள் சேர்ந்தாற்போல் வரும்.
பிச்சை போடும் கூச்சலுக்கு
எகிப்துக்காரர் சுவரில் செருப்பால் தட்டுவார்.

இது மூன்றாவது இல்லை.
அந்த இரண்டாவதைத்தான்
உள்ளங்கை அளவுக்கு மடித்திருக்கிறார்கள்.
மடித்த அவசரத்தில் நிறைய உதிர்ந்துவிட்டது.

விடிகாலை நாலேகால் பஸ்.
ஷட்டவுன் வேலை, ஆலைக்கு ஐம்பது நிமிடம்.
பின்சீட்டில் திறந்தேன்.

கடல், இஸ்திரி போட்ட நீலத் துணி.
மழை பெய்கிறது என்று எழுத்தில் வருகிறது,
அந்த எழுத்தும் எறும்புத் தலை அளவு.
படகு இரண்டே இரண்டு.
இரண்டிலும் அதே ஆள், அதே வழுக்கை.
மூன்றாவது படகு தப்பித் தவறி வந்தால்
கருவிக்கு மூச்சு வாங்குகிறது,
எல்லோரும் சேற்றில் நடப்பதுபோல் நகர்கிறார்கள்.
நடுக்கடலில் ஏதய்யா சேறு?

துறைமுகத்துச் சுங்கக்காரி ஒருத்தி உண்டு.
எந்தத் தீவில் தண்ணீர் கேட்கக்கூடாது,
புருஷன் யாரிடம் கடன்பட்டான்,
எல்லாம் சொல்லித்தான் கயிற்றை அவிழ்ப்பாள்.
இதில் ‘சரி, போ’ என்கிறாள்.
மறுபடி அழுத்தினேன்.
சரி, போ.
பதினோரு தடவை அழுத்தினேன்.

இருவர் ஆடும் வசதியை எடுத்தேவிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மூடுபனி.
ஆலையைக் காணோம்.
இருநூறு அடிக்கு அப்பால்
உலகத்தை இன்னும் போட்டு முடிக்கவில்லை.
முதலில் தீ மட்டும் அந்தரத்தில் வந்தது,
அப்புறம் தீக்குக் கீழே கோபுரம்,
கடைசியாக, வேறு வழியில்லாமல், குழாய்கள்.
கேட்டில் பேட்ஜைக் காட்டினேன்.
காவலாளி தலையை அசைத்தார்.

சாயங்காலம் ஷோஹாக்கிடம் நீட்டினேன்.
‘சீல் உடைஞ்சாச்சே பாய்’ என்று
கண்ணாடி அலமாரியைத் துடைக்கப் போய்விட்டான்.

பிச்சை இப்போது யான்புவில், வேறு கம்பெனி.
வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.
துடுப்பன் சின்ன கருவிக்கு வந்திருக்கு,
தயவுசெஞ்சு வாங்கித் தொலைக்காதே,
மழையே இல்லை, சுங்கக்காரிக்கு வாயே இல்லை,
நம்ம காசு தண்ணியிலே,
அந்தத் தண்ணியும் அசையலை.
இரண்டு நிமிடம் நாற்பது வினாடி திட்டியிருந்தேன்.

ராத்திரி பதினொன்றுக்குப் பதில் வந்தது.
பின்னால் ஏசி இரைச்சல்,
நடுவே பொத்தான் தட்டும் சத்தம்.

‘லே, நான் நேத்தே வாங்கிட்டேம்ல.
ரெண்டாவது பாறைக்கு எடப்பக்கமா போயிப் பாரு.
அந்த ஒரு எடத்துல மட்டும்
கொஞ்சூண்டு அசையுது.’

சார்ஜில் போட்டிருக்கிறேன்.
நாலேகாலுக்கு பஸ்.