மோவாய்க்குக் கீழே

அட்டைப்பெட்டியின் மேல்
‘பிறந்தது முதல் மூன்று மாதம்’ என்று
எழுதிக் கொடுத்தவள் யோரூன்.
துவைத்து, மடித்து,
வெள்ளைவெளேரென்றுதான் உள்ளே வைத்தாளாம்.
ஹாம்மர்ஃபெஸ்டில் எங்கள் வழக்கம் அது:
ஒரு குழந்தையின் உடுப்பு
நாலைந்து குழந்தைகளைத் தாண்டித்தான் கிழியும்.

ஐரில் பிறந்து மூன்றாம் வாரம்
பெட்டியைத் திறந்தேன்.
எல்லாச் சட்டையிலும்
மோவாய்க்குக் கீழே
அதே இடத்தில்
தேநீர் சிந்தினாற்போல் ஒரு மஞ்சள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவள் நான்.
இந்தப் பால்
வெளுப்புக்குள் ஒளிந்துகொண்டு,
மூன்று வருடம் இருட்டில் கிடந்து,
மெல்லத் தன் நிறத்துக்கு வந்திருந்தது.

எனக்குத் தெரியும் அந்த மஞ்சளை.
என் வீட்டுக் கூடையிலும் அது வளர்கிறது.
ஓட்ஸ் பொட்டலத்துக்குப் பின்னால்
தாதி வரும் நாளில் இன்னும் கொஞ்சம் பின்னால்
நான் தள்ளி வைக்கும் டப்பாவின் மஞ்சள்.

“ஆறு மாதம். தாய்ப்பால் மட்டும்.
ஒரு சொட்டு வேறில்லை.”
மீன் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில்
யோரூன் சொன்னது.
அப்போது என் வயிறு ஏழு மாதம்.
அந்த வாக்கியத்தை
எத்தனை இரவு அழுதிருப்பேன்,
கரண்டி அளந்து, புட்டி குலுக்கி.

முதல் சட்டையைக் கொதிநீரில் போட்டுக் கெடுத்தேன்.
சூடு பட்டால் கறை
நூலைக் கட்டிக்கொண்டு விடுவதில்லை.
பிறகுதான் குளிர்ந்த நீர்.
பிறகுதான் கடையின் அடித்தட்டில்
ஸின்ட்ரே தேடிப் பிடித்த மாட்டுப் பித்த சோப்பு.
பால் ஒரு மாட்டின் மடியிலிருந்து,
அதை எடுக்கப் பித்தம் ஒரு மாட்டின் வயிற்றிலிருந்து.
பெற்ற மனம் பித்து என்பார்கள்;
விரல் நகமெல்லாம் பித்தம் நாற
இரவு முழுக்க ஊறவைத்தேன்.
மஞ்சள் இளைத்தது. போகவில்லை.

மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.
வெயிலா?
இரண்டு மாதமாக
எங்கள் ஊர்ச் சூரியன் மலைக்கு அந்தப்புறம்.

பிப்ரவரி கடைசியில்
ஈரத்தோடு பதினோரு சட்டைகளைப்
பனிமேல் விரித்தேன்.
கீழே வெள்ளை, மேலே வெளிச்சம்,
நடுவில் கைகளை அகட்டி
பதினோரு ஆளில்லாக் குழந்தைகள்.

யோரூன் அந்த வழியாக வந்தாள்.
பனிச்சறுக்கு மட்டைகள் தோளில்.
நின்றாள்.
ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

“கொதிநீரில் போட்டுவிடாதே,”
என்றாள் கடைசியில்.
“எனக்கு ஒன்பது போனது அப்படி.”

காபி போடத் தண்ணீர் வைத்தேன்.
டப்பாவை எடுத்து
மேசை நடுவில் வைத்தேன்.
அவள் அதைத் திருப்பிப் பார்த்து
“ஓ, மூடியை மாற்றிவிட்டார்கள்” என்றாள்.
அவ்வளவுதான் பேச்சு.

பத்துச் சட்டை வெளுத்தது.
முயல் படம் போட்ட ஒன்று மட்டும்
கேட்கவேயில்லை.
ஐரிலுக்கு இன்று அதைத்தான் மாட்டினேன்.
பொத்தான் எட்டுவதில்லை இப்போதெல்லாம்.
ஏப்பம் விட்டாள்.
சரியாக
அதே இடத்தில்.