எடைப் பேரேடு

எங்கள் தீவிலிருந்து புறப்படுகிறவர்
முதலில் ஏறுவது விமானத்தில் அல்ல, தராசில்.
மீன் கூட்டுப்பண்ணையில் ஹெரிங் நிறுத்த மேடைத் தராசு அது.
எத்தனை முறை கழுவினாலும்
மழை நாளில் அதன் பலகை செதில் மணக்கும்.
கூச்சப்படாதீர்கள், முள்ளை நான் மட்டும்தான் பார்ப்பேன் என்று
இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன்.
பொய்.
விமானம் தாமதமானால்
தூலெலாய்டில் எல்லோரும் புரட்டுவது
என் பேரேட்டைத்தான்.

முதல் பேரேடு என் கையெழுத்தல்ல.
எண்டெல் வாரிக் எழுதியது. ஊதா மசி, ரஷ்ய எழுத்து.
அப்போது இரட்டைச் சிறகு விமானம்,
நாளைக்கு ஆறு நடை, டிக்கெட் மூன்று ரூபிள்.
காலையில் நகரத்துக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு
மத்தியானச் சூப்புக்கு வீடு வந்துவிடலாம்.
எல்லைப் பகுதி என்பதால்
அனுமதிச் சீட்டு இல்லாதவருக்கு எடையும் கிடையாது.
புல் ஓடுபாதையில் ஆடு விரட்டுவதும் எண்டெலின் உத்தியோகம்.
அதற்குத் தனிச் சம்பளம் கேட்டு அவர் எழுதிய மனு
இன்னும் பேரேட்டுக்குள் இருக்கிறது, பதில் வராமல்.

1979 மார்ச்: ஹில்யா பாஸ், எழுபத்து நான்கு.
ஒன்பது நாள் கழித்து
வருகைப் பக்கத்தில் அதே பெயர், அறுபத்தாறு.
அடுத்த வரியில் பெயர் இல்லை. மூன்றரை.

அந்த மூன்றரை நான்.

1991 இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு வரி:
எரிபொருள் இல்லை.
பிறகு நான்கு வருடம் வெற்றுத் தாள்.
வெற்றுத் தாள் என்பதும் சரியல்ல,
சீட்டாட்டப் புள்ளிகள் இருக்கின்றன.
எண்டெல்தான் அதிகம் தோற்றிருக்கிறார்.

அப்புறம் டெண்டர் காலம்.
மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி.
ஏழு இருக்கை வந்தது, ஒன்பது வந்தது,
மறுபடி ஏழு, அதுவும் ஒழுகும் கூரையோடு.
நீலச் சட்டை, பச்சைச் சட்டை,
பையில் நரி தைத்த சட்டை.
நான்காவது கம்பெனி எதற்கும் உதவவில்லை,
ஆனால் அவர்கள் கொடுத்த மழைக்கோட்டு
இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே விட்டதில்லை.

மூன்றாவது கம்பெனி ஒரு புதன்கிழமை திவாலானது.
விமானத்தைக் கயிறு கட்டி முடக்கிவிட்டார்கள்.
விமானி குந்தார்ஸ், லாத்வியாக்காரர்,
பதினோரு நாள் எங்கள் வீட்டில் தங்கி
அம்மாவின் வேலியைச் சரிசெய்தார், வாயில்கதவு தவிர.
கப்பலில் போய்விட்டதால்
எத்தனை கிலோ கூடிப் போனார் என்பதற்குப் பதிவில்லை.

கடல் உறைந்த பிப்ரவரிகளில் யாரும் வரமாட்டார்கள்.
பனிமேல் சாலை போட்டுக் கார் ஓட்டிப் போவார்கள்.
அந்த வாரங்களில்
தபால் பை: பன்னிரண்டு.
தபால் பை: ஒன்பது.
ஒரு நாள், தபால் பையும் பூனையும்: பதினாறரை.

இப்போது வந்திருப்பது பத்தொன்பது இருக்கை.
பெரிய விமானத்துக்கு யாரையும் நிறுக்க வேண்டாமாம்.
ஆணுக்கு ஓர் எண், பெண்ணுக்கு ஓர் எண்,
கணினியே போட்டுக்கொள்ளும்.
அந்த எண்ணுக்குப் பொருந்துகிற ஆள்
இந்தத் தீவில் இருவர் இருக்கலாம்,
அவர்களும் கப்பலில்தான் போவார்கள்.

முதல் நாள், செவ்வாய், நான்கே பயணிகள்.
நகர ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா
கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு
வழக்கம்போல் பலகையில் ஏறி நின்றாள்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
முள் அதற்குள் ஆடி நின்றுவிட்டது.
நாற்பத்து மூன்று.

'கோட்டோடு சேர்த்தா?' என்றாள்.
கோட்டோடுதான், பூட்ஸோடும்தான்.
'கோட்டு இல்லாமல்' என்றேன்.

எழுதப் பேரேடு இல்லை, திங்களன்றே மூடியாயிற்று.
கணினி அவளை எழுபது கிலோ என்று ஏற்றுக்கொண்டது.
விமானம்
ஓடுபாதையில் பாதிகூடத் தாண்டாமல்
மேலே எழும்பிவிட்டது.