போன செவ்வாய்க்கிழமைக் காற்று

அமேசானையும் சகாராவையும்
மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.
எங்கள் மூன்று பேருக்கு மிஞ்சியது அண்டார்டிகா.
திருச்செங்கோட்டில், பங்குனியில்.

பர்வேஸின் மாமா ஐஸ் கம்பெனியில்
உமி ஒட்டிய பாளம் ஒன்று கொடுத்தார்.
சைக்கிள் கேரியரில் கட்டி
சங்ககிரி ரோட்டில் தள்ளிக்கொண்டு வந்தோம்.
பின்னால் ஒரு ஈரக் கோடு.
திரும்பிப் பார்த்தால் அதுவும் காய்ந்திருந்தது.

தட்டில் குழைத்த களிமண், அதன்மேல் பாளம்.
அங்கேயும் இப்படித்தான்,
பனியின் பாரத்தில் நிலமே இறங்கிக் கிடக்கிறது
என்று சுகன்யாதேவி வாசித்தாள்.
அடியில் மலை உண்டாம், பள்ளத்தாக்கு உண்டாம்,
வெளிச்சமே படாத ஏரிகள் உண்டாம்.
ராடார் அலையை உள்ளே அனுப்பி
அது திரும்பி வரும் நேரத்தை எண்ணி
வரைந்த படமாம்.

சன்னலுக்கு வெளியே எங்கள் மலை.
"அதக் கொண்டுபோய் அங்க வெச்சா?" என்றான் பர்வேஸ்.
கணக்குப் போட்டோம்.
கோபுரம் முங்கி, அதன் தலைமேல்
இன்னொரு மலை, இன்னொரு மலை என்று
எட்டு ஒன்பது அடுக்கினால்தான்
உச்சிப் பாறை மூக்கை வெளியே நீட்டும்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

துளை போடுவது என் வேலை.
அப்பா ரிக் வண்டியில் டிரில்லர் என்பதால்
எனக்குத் தெரியும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.
இரும்புக் குழாயின் வாயைப் பல் பல்லாக ராவி
சுற்றிச் சுற்றி இறக்கினேன்.
சாண் நீளத்துக்கு வந்தது, நடுவில் வெள்ளைக் குமிழிகள்.
அவர்கள் எடுத்ததில்
எட்டு லட்சம் வருஷத்துக் காற்று இருக்கிறதாம்.
எங்களுடையதில்
போன செவ்வாய்க்கிழமைக் காற்று.

ராத்திரி அப்பா ராஜஸ்தானிலிருந்து பேசினார்.
"எத்தன அடிங்கப்பா?"
"தொள்ளாயிரம் அம்மிணி. பொகதான் வருது."
பின்னால் கம்ப்ரசர் இரைந்தது.
"ஒரு எடத்துல பத்தாயிரம் அடி போட்டாங்களாங்கப்பா,
மேல இருந்து அடி வரைக்கும் தண்ணிதான்."
"கேசிங் எவ்வளவு?"
"தொளை தானா மூடிக்குமாம்.
எண்ணெய் ஊத்தி வெப்பாங்களாம்."
கம்ப்ரசர் மட்டும் கொஞ்ச நேரம்.
"அங்க ஏஜென்ட் யாரு?" என்றார்.

மழையைப் பற்றிச் சொன்னேன்.
நடுப்பகுதியில் வருஷத்துக்கு ரெண்டு அங்குலம்,
அதுவும் தேறாது, நம்மூரைவிடக் கம்மி.
"அப்புறம் எப்பிடி அத்தன தண்ணி?"
"பெஞ்சது எங்கியும் போகலைங்கப்பா."
அவர் ஏதோ சொன்னார், ராடு மாற்றும் சத்தத்தில் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தட்டில்
ஐஸ் இல்லை, தண்ணீரும் இல்லை.
வெடித்த களிமண், நடுவே பாளம் உட்கார்ந்த பள்ளம்,
பள்ளத்தில் நாலு உமி.
"பாரம் போச்சுன்னா மண்ணு மேல வரணுமே" என்றாள் சுகன்யாதேவி.
"வருமாம். ஆயிரக்கணக்குல வருஷம் ஆகுமாம்."
மார்க் போட பத்தரைக்கு வருவார்கள்.
ஸ்கேலை நிறுத்தி அளந்து
எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினோம்.
பர்வேஸ் அடிக்கோடு போட்டான்.