மேற்படி படகு

புதுச்சேரி, குருசுக்குப்பம்.
முருங்கை மரத்தடியில் நீலத் தார்ப்பாய்க்குள்
முப்பது வருடப் பழசு.
நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாய் மூன்று உடல்.
கைகளை மடக்கிக்கொண்டு
டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்தது,
சாட்சி சொல்ல வந்து
சாயங்காலம் வரை பெயர் கூப்பிடப்படாதவர் மாதிரி.

சவரிராயலு முட்டியைத் தேய்த்தபடி சொன்னார்:
"இடது மிதவையைப் பார்த்துத் திறங்க.
உள்ளே கோழி அடைகாக்குது."

ஜெசிந்தா ஐந்து ரூபாய்க் காசால்
மூக்கிலிருந்து பின்பக்கம் வரை
தட்டிக்கொண்டே போனாள்.
டிங். டிங். டிங்.
ஓரிடத்தில் மட்டும்
சொத்.
அதற்காக இருபதாயிரம் குறைத்தார்.
கடலூர் கோர்ட்டில் பத்தொன்பது வருடமாய்த் தட்டச்சு செய்கிறேன்,
இவ்வளவு சீக்கிரம் தீர்ந்த சொத்துத் தகராறு
பார்த்ததில்லை.

குஞ்சு பொரிக்கும்வரை பதினோரு நாள் வாய்தா.

பி.எஃப். கடன் விண்ணப்பத்தில்
காரணம் என்ற கட்டத்தில்
'வீடு பழுதுபார்க்க' என்று அடித்தேன்.
முதல் பொய்.
குலோத்துங்கன் ஒன்றே ஒன்று கேட்டார்:
நீச்சல் தெரியுமா?
தெரியும் என்றேன்.
இரண்டாவது.
(அந்த இரண்டாவதை
ஆறு வாரம் குளோரின் தண்ணீர் குடித்து
உண்மையாக்கிவிட்டேன்.)

முள்ளோடை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.
பாண்டியிலிருந்து வரும் வண்டி,
அதில் உள்ளே காலியாக மூன்று வயிறு.
யாருக்குத்தான் சந்தேகம் வராது?
ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்தார் ஏட்டு.
பாட்டில் இல்லை.
முட்டை ஓடு கொஞ்சம்.
"இதுக்குப் பேர் என்னம்மா?"
டிரைமரான் என்றேன்.
நோட்டில் எழுதினார்:
கட்டுமரம் – 3.
நான் திருத்தவில்லை.
ஊர் சுற்றப் போன சொல்
வீடு திரும்பும்போது
நான் யார், வாசலில் நின்று கேள்வி கேட்க?

உப்பனாறு. முதல் ஞாயிறு.
பாயை ஏற்றினோம்.
படகு காற்றுக்கு முகத்தைக் காட்டி
அப்படியே நின்றுவிட்டது.
பாய் படபடவென்று,
எல்லா வக்கீலும் ஒரே நேரத்தில் எழுந்த மாதிரி.
சுக்கானை இடது தள்ளினோம், வலது தள்ளினோம்,
கெஞ்சினோம்.
எடை இல்லாத படகு,
திரும்பும் பாதியிலேயே வேகத்தைத் தொலைத்துவிடுகிறது
என்பதெல்லாம் அப்புறம் படித்தது.
பக்கத்தில் வந்த ஃபைபர் போட்டிலிருந்து ஒரு பையன்
"அக்கா, இன்ஜின் போச்சா?"
இன்ஜினே இல்லை தம்பி.
"அப்ப இது எதுக்கு?"
எங்களிடம் பதில் இல்லை.
கயிறு போட்டு இழுத்துவந்து கரையில் விட்டான்.

திங்கட்கிழமை
உள்ளங்கை முழுக்கக் கயிற்றுச் சூடு.
நீதிபதி சொல்லச் சொல்ல அடித்தேன்,
'மேற்படி எதிரி' என்ற இடத்தில்
'மேற்படி எதிர்க்காற்று'.
அழித்துத் திரும்ப அடித்தேன்.

இரண்டாவது ஞாயிறும் அதே.
மூன்றாவதில் மழை.

நான்காவது ஞாயிறு,
வழக்கம்போல் மாட்டிக்கொண்டு நின்றோம்.
நின்றோம் என்று நினைத்தோம்.
கரையோர அலையாத்திச் செடி ஒன்று
மெதுவாக முன்னால் நகர்ந்தது.
"பின்னாடி போறோம்டி!"
ஜெசிந்தா பதறி
சுக்கானைத் தப்பான பக்கம் தள்ளினாள்.
நான் முன்பாயின் கயிற்றைத்
தப்பான பக்கமே இழுத்துப் பிடித்திருந்தேன்.
இரண்டு தப்பும் சேர்ந்து
மூக்கு சரேலென்று விலகியது.
தொங்கிய கயிறு விறைத்தது.
வலது மிதவை தண்ணீரில் அழுந்த
இடது, கோழியின் வீடு,
ஒரு சாண் மேலே எழும்பிப் பறந்தது.

முகத்துவாரம் தெரியும்வரை
இருவரும் பேசவில்லை.
அலுவலகத்தில் எங்களை அறிந்தவர்கள்
இதை நம்பமாட்டார்கள்.

திரும்பி வரும்போது மறுபடி மாட்டியது.
இந்த முறை
வேண்டுமென்றே பின்னால் போனோம்.

இருட்டில் கைகளை மடக்கி
டிரெய்லரில் ஏற்றினோம்.
இடது மிதவையில் நான்கு குவளைத் தண்ணீர்,
ஒரு பழுப்பு இறகு.
செல்போன் வெளிச்சம் ஒன்று
மணலில் ஆடி ஆடி வந்தது.
குலோத்துங்கன்.
படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.
சொத் என்ற இடத்தில், எப்படித்தான் தெரிந்ததோ,
விரலால் தட்டினார்.
பிறகு கேட்டார்:
"வீடு பழுதுபார்க்கிற வேலை
எந்த மட்டில் இருக்கு?"

இன்னும் ஒழுகுது
என்றேன்.