வெற்று எடை

சாம்பல் புதன்.
ஆறு மணிப் பூசை முடித்து
நெற்றியில் கறுப்போடு வந்து
எடைமேடை அறையின் விசிறியைப் போடுகிறேன்.
சங்காட் ஜோங் ஆலைக்கு வெளியே
இருபத்தொரு லோரிகள், செம்பனைக் குலைகளோடு,
புகையும் புளிப்பும் ஒன்றாய் வீசும் வெயிலில்.

என் வேலை எளியது.
நிறைந்து வரும்போது ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை.
முதல் எண்ணுக்குக் காசில்லை.
இரண்டாவதற்கும் இல்லை.
நடுவில் எதை இறக்கிவிட்டுப் போகிறாயோ
அதற்குத்தான் சீட்டு.

பதினோரு வருஷம் இந்தக் கழித்தலைச் செய்த பிறகு
ஒரு மறையுரையின் நடுவே,
கொட்டாவிக்கும் கொசுவுக்கும் இடையில்,
எனக்கு உறைத்தது:
காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்டாளே
அந்தக் கைம்பெண்,
அவள் காலியாய்த் திரும்பியவள்.
அவள் சீட்டில்தான் எண் பெரிது.

அன்று வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தேன்,
சாமியாருக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்ததுபோல.

இன்னாசிக்குச் சொந்த லோரி.
நிறைந்து வரும்போது ஸ்டியரிங்கில் அமர்ந்திருப்பான்.
காலியாய் வரும்போது இறங்கி
சிகரெட் பற்றவைத்து வானத்தைப் பார்ப்பான்,
மழை வருமா என்பதுபோல்.
எண்பத்தைந்து கிலோ இன்னாசி
அன்றாடம் பழமாக விற்பனையானான்.
எனக்குத் தெரியும்.
மாதக் கடைசியில் என் மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்,
மூடிக்கு அடியில் ஐம்பது வெள்ளி.
மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினேன் அதில்.
கறுப்பு. இன்னும் பளபளக்கிறது.

இன்று அவன் நெற்றியிலும் அதே கறுப்பு,
வியர்வையில் கரைந்து புருவம்வரை.
பின்வரிசையில் நின்றிருப்பான் போல.
போன வருஷக் குருத்தோலையின் சாம்பல்,
ஒரே கிண்ணம், ஒரே கட்டைவிரல்.

கதவைத் திறக்கிறான். ஒரு கால் படியில்.
மைக்கை அழுத்துகிறேன்.
"இன்னாசி, நீ எங்க இருக்க?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது
அது யார், யாரிடம் கேட்ட கேள்வி என்று.
அதுவும் ஒரு தோட்டம்தான்.
அங்கும் மரத்துக்குப் பின்னால் ஒருவன்.
பக்கத்தில் ஒருத்தி.

குரல் கூரைத் தகரத்தில் மோதி
முதலில் என்னிடம்தான் திரும்பியது.

சிகரெட்டைச் சட்டைப்பைக்குள் செருகி
அவன் மறுபடி ஏறி அமர்ந்தான்.
திரையில் எண்பத்தைந்து கூடியது.
பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது.
சீட்டை நீட்டினேன், வாங்கினான்.
ஒருவர் நெற்றியை ஒருவர் பார்க்கவில்லை.

மணி பத்தரை.
பள்ளியில் இந்நேரம் ஓய்வு விட்டிருப்பார்கள்.
திடலில் அந்தச் சப்பாத்தோடு
ஓடிக்கொண்டிருப்பான் மகன்.
அதை எந்த மேடையில் ஏற்றி
எப்படிக் கழிப்பதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.