பால் நேரம்

"காசு கட்டி யானை லத்தி அள்ளவா
அவ்வளவு தூரம் போனே?"
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடும்போதெல்லாம்
டீ ஆற்றிக்கொண்டே கேட்பான் பக்கிரிசாமி.
ஆமாம் என்பேன்.
வேறென்ன சொல்ல.

ஜாம்பியாவில் பதினோரு வாரம்.
தந்தத்துக்காகத் தாயைச் சுட்டுவிட்டார்கள்.
குட்டிக்கு மூன்று மணிக்கொரு புட்டி.
குடித்து முடித்ததும்
என் கக்கத்தில் துதிக்கையைச் செருகி
நின்றவாக்கில் தூங்கும்.
பெயர் வைக்காதே என்றாள் முட்டிந்தா.
வைத்தேன்.
வாய்விட்டுக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கடைசி நாள் என் பச்சை அங்கியைத் துவைக்காமலே
அடுத்து வந்தவளுக்கு மாட்டிவிட்டார்கள்.
வாசனை இருந்தால் போதுமாம் அதற்கு.
போதுமாயிருந்தது.

ஆறு வருடம்.
பின்னிரவு மூன்றுக்கு இன்னும் விழிப்புத் தட்டுகிறது.
முறைத் தண்ணீர் எங்களுக்கு விழும் நாளென்றால்
மண்வெட்டியோடு போய் மடை திறப்பேன்.
மற்ற நாட்களில்
உள்ளங்கையை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள்.
காட்டுக் கூட்டத்தோடு ஆற்றில் இறங்குகிறது.
நாற்பது நொடி.
ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
"நல்ல சேதி" என்று கீழே எழுதியிருந்தாள்.

பக்கிரிசாமியிடம் நீட்டினேன்.
மன்னை எக்ஸ்பிரஸ் போய் கேட் தூக்கியாயிற்று,
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.
பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு
இன்னொரு தரம் போடச் சொன்னான்.
"இதுல உன்னுது எது?"

வால் நுனியில் மயிர் இல்லாதது
என்றேன்.