நாலு டிகிரி

கிளம்புவதற்கு முந்தின அஸருக்கே
வேனுக்குக் கரண்ட் கொடுத்தாயிற்று.
அடுப்பங்கரை ஜன்னல் வழியே மஞ்சள் ஒயர்
முருங்கைக்கடியில் நெளிந்து
குப்பை வாளியை ஒரு சுற்றுச் சுற்றி
டெம்போவின் வயிற்றுக்குள் போகிறது.
"மொதல்ல காலிப் பெட்டி குளிரணும்.
அப்புறந்தான் சாமான்."
துபாய் கோல்டு ஸ்டோரேஜில் இருபத்திரண்டு வருஷம்.
வாய் திறக்காத மனுஷர் என் சதக்,
ஃப்ரிட்ஜ் என்றால் மட்டும் பேசுவார்.

இது அங்கிருந்து கார்கோவில் வந்த பழசு.
வீட்டில் நின்றால் கரண்ட், ஓடினால் பேட்டரி,
ஊர் இல்லாத இடத்தில் கேஸ்.
"ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குறதில்ல புள்ள,
சூட்டை வெளிய தள்ளுது, அவ்வளவுதான்.
குளிர்னு ஒண்ணு கெடையாது."

இரவு பத்துக்கு ஒன்பது டிகிரி.
நடுவில் கரண்ட் போய் வந்தது,
கீழக்கரையில் அது ஒரு செய்தியா?
சுபுஹுக்கு நாலு.
முள்ளைப் பார்த்து அவர் சிரித்தார்,
பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி.
மூன்று முறையும் அந்தச் சேதி
அவருக்குப் போனில்தான் போனது.
அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

வீட்டில் முன்பே குளிர்ந்தது மட்டும் உள்ளே போகலாம்.
பால், இஞ்சி பூண்டு விழுது,
மசாலா தடவிய பாறைத் துண்டுகள்.
என் இன்சுலின் பேனா நடுத்தட்டில்,
பின்சுவரில் ஒட்டாமல். உறைந்தால் போச்சு.
மிச்ச இடமெல்லாம் தண்ணீர் பாட்டில்.
"காத்து கதவைத் தொறந்ததும் ஓடிரும். தண்ணி ஓடாது."
கடைசி நேரத்தில் இளஞ்சூடாய்
நான் நுழைக்கப் பார்த்த வட்டிலப்பத்தை
ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் போய்
அடுத்த வீட்டு மைமூனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

ஏர்வாடி தாண்டி, வாலிநோக்கம் உப்பு
கண்ணைக் கூச,
நிற்கும் இடமெல்லாம் அவர் தேடியது நிழல்.
உடை மரத்து நிழல் ஒரு சல்லடை,
பனை நிழல் ஒரு கோடு.
அந்தக் கோட்டுக்குள் ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தை
முன்னும் பின்னும் உருட்டிப் பொருத்தினார்.
எனக்குச் சட்டம் இது:
என்ன வேணும் என்று முடிவு செய்துகொண்டு திற,
மூணு எண்ணுவதற்குள் சாத்து.

மூக்கையூரில் மணல்.
பின்சக்கரம் ஒன்று இறங்கிவிட்டது.
சாய்ந்து நின்றால் கேஸில் குளிராதாம்.
ஃப்ரிட்ஜ் தலையில் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து
நான் அதைப் பார்த்துக் குரல் கொடுக்க,
அவர் சக்கரத்துக்கடியில் பலகை சொருக,
"இடது பக்கம் வழியுது" "இப்ப?" "இப்பவும்"
மஃரிப் தப்பிப்போனது.

இரவு காற்று விழுந்த நேரம்,
நான் எதுவும் கேட்காமலே சொன்னார்:
"ஒரு நோம்பு மாசம். உள்ள இருக்கேன்,
கதவு வெளிய பூட்டிக்கிச்சு. நாப்பது நிமிஷம்.
மைனஸ் பதினெட்டு.
தொங்கின ஆட்டையெல்லாம் எண்ணுனேன். நூத்திப் பன்னெண்டு.
திரும்ப எண்ணுனேன். நூத்திப் பதினொண்ணு வந்துச்சு.
அதுல பயந்துட்டேன்."

"எந்த வருஷம்?"
"ஜரீனா ஆறாப்பு படிச்சப்ப.
அன்னைக்கு ராத்திரி ஒனக்குப் போன் போட்டேன்."
"என்ன சொன்னீங்க?"
"ஊர்ல மழையான்னு கேட்டேன்."

இல்லை என்று சொல்லியிருப்பேன்.
இங்கே என்றைக்குப் பெய்தது?
கார்டு காசு தீர்கிறதே என்று
பள்ளிக்கூடக் கட்டணத்துக்குத் தாவியிருப்பேன்.

டீ போட எழுந்தேன்.
கதவைத் திறந்ததும் வெளிச்சம்
மணல்வரை போய் விழுந்தது.
எதற்குத் திறந்தேன் என்பது மறந்துவிட்டது.
ஒன்று, இரண்டு, மூன்று தாண்டியும் நிற்கிறேன்.
பாதத்தில் குளிர் கொட்டுகிறது.
கிடையாது என்றாரே, அதுதான்.

சாத்து என்று சொல்வார் என்றிருந்தேன்.
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ஒன் பேனா பின்னால ஒட்டிக்கிட்டிருக்கு.
கொஞ்சம் முன்னால இழுத்து வை."